அட்டவணை இரண்டு

நாற்பத்தொரு பேர். பதினோரு ஆண்டுகள்.
எல்லாரும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வந்தவர்கள்,
மழை விட்ட மறுவாரம்
கூடையோடு காட்டுக்குள் காளான் பறிக்கப் போனவர்கள்.

கவுனாஸ் மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில்
ரிமான்டே கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.
காப்பி ஆறி ஆடைகட்டிவிட்டது.
கீழே நேமுனாஸ் ஆறு
பனிப்பாளங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது.

இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்கிறார்:
நோயாளிகளை வந்த வரிசையில் அடுக்குவானேன்?
பிழைத்தவர் மேலே, இறந்தவர் கீழே என்று பிரித்தால்
வாசகருக்கு எளிது.

நியாயமான கேள்வி.
மற்ற பதினேழு கேள்விகளுக்கும் அன்றே பதில் எழுதிவிட்டாள்.
இதற்கு மட்டும் மூன்று நாளாகிறது.

வரி 22: பெண், வயது 44.
வரி 23: ஆண், வயது 41.
உண்டு முப்பத்தெட்டு மணி நேரம்,
இருவருக்கும் அதே எண்.
ஒரே வாணலி என்று எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.
டங்குவொலே வதக்கினாள், தம்பி வெங்காயம் நறுக்கினான்,
மேலே புளித்த பாலேடு, கொஞ்சம் சதகுப்பைத் தழை.
அவ்வளவு ருசி என்று இரண்டாம் தரம் பரிமாறிக்கொண்டார்களாம்.

முதலில் வாந்தி.
பிறகு எல்லாம் தீர்ந்ததுபோல் ஒரு பகல்,
அந்தப் பகலில்தான் உள்ளே சத்தமில்லாமல்
ஈரல் சாகிறது.
அப்புறம் கண் மஞ்சள்.
கையை நீட்டச் சொன்னால்
மணிக்கட்டு சிறகுபோல் படபடக்கும்.
பிறந்த ஊர் எது என்றால் யோசிப்பார்கள்.

கல்லீரல் என்கிறோம்.
டங்குவொலேயின் வயிற்றைத் திறந்தபோது
நனைந்த துணிபோல் சரிந்து கிடந்தது அது.
கல் போய்விட்டிருந்தது, ஈரம் மட்டும் மிச்சம்.

அன்றிரவு ரீகாவிலிருந்து வந்தது ஒரே ஓர் ஈரல்,
ஐஸ் பெட்டியில், வழியெல்லாம் மூடுபனி.
ரத்தம் உறையாமையின் எண்
அக்காவுக்கு 7.1, தம்பிக்கு 6.8.
விதிகளின்படி இருவரும் பிழைக்கமாட்டார்கள்.
(விதி என்பதை எந்தப் பொருளில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.)
புள்ளி மூன்று.
அக்காவுக்கு, என்றாள் ரிமான்டே.

ஒன்பதாம் நாள் புது ஈரலின் தமனியில்
உளுந்தளவு ரத்தக்கட்டி.
இன்னோர் ஈரல் எங்கிருந்தும் வரவில்லை.

தம்பியோ,
காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயராய்க் கிடந்தவன்,
ஐந்தாம் நாள் விடியலில் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.
எண் இறங்கிற்று. 4.2. 2.9. 1.6.
யாரும் வெட்டாமல், யாரும் தைக்காமல்,
அவன் ஈரல் தன்னைத் தானே கட்டிக்கொண்டது.

கட்டுரையில் இது அரை வரி:
தன்னியல்பான மீட்சி, ஒருவர்.
காரணம்? என்கிறார் முதல் மதிப்பீட்டாளர்.
தெரியவில்லை என்று தட்டுகிறாள். அழிக்கிறாள்.
எங்களுக்குத் தெரியவில்லை என்று தட்டுகிறாள்.

நான்காம் நாள் இரண்டாமவருக்கு எழுதினாள்:
வந்த வரிசையே இருக்கட்டும், ஐயா.
முடிவெடுத்த இரவில் எங்களுக்குத் தெரிந்திருந்தது
அது மட்டும்தான்.

மே மாதம் ப்ரூடேனிஸ் வந்தான்,
வருடாந்திரப் பரிசோதனைக்கு.
வரேனாவில் பஸ் பழுது பார்ப்பவன், நகக்கண்ணில் கிரீஸ்.
நான் இதில் இருக்கிறேனா?
பெயர் இல்லை. எண் இருபத்துமூன்று.
அவள்?
இருபத்திரண்டு.
அப்படியானால் பக்கத்தில்தான், என்றான்.

அச்சில் ஏழாம் பக்கத்தின் கடைசி வரி 22.
தாளைத் திருப்பினால் உச்சியில் 23.
திருப்பினான், திரும்பவும் திருப்பினான்,
ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.
அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்;
அச்சகத்தார் மேல் பழிபோடுவதுபோல் இருக்குமே என்று விட்டுவிட்டாள்.

நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
பிறகு ரத்தம் எடுக்கக்
கையை நீட்டினான்.